இரண்டு கேஸுக்கு ஒரு பிரேக் போதும்

வீடியோ கேம் உருவாக்கும் கேம்மேக்கர் மென்பொருளின் நிரல்மொழியான ஜிஎம்எல்லில் இடது அம்பு விசைக்கும் 'ஏ' விசைக்கும் ஒரே வேலைதான் என்றால் அதை இரண்டு தடவை எழுத வேண்டாம். ஒரு மதிப்பைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் 'கேஸ்' வரிக்குத் தாவும் கட்டளைதான் ஸ்விட்ச். அதற்குள் இரண்டு விசைகளின் கேஸையும் அடுத்தடுத்து வையுங்கள். நகர்த்தும் வரியைக் கீழே ஒரே தடவை எழுதி, ஸ்விட்சை விட்டு வெளியேற்றும் பிரேக் போடுங்கள்.

பொருந்திய கேஸில் நுழைந்துவிட்டால், பிரேக் வரும்வரை நிரல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் மற்ற கேஸ்களைக் கண்டுகொள்ளாது. காலி கேஸ் அடுத்ததில் போய் விழுவது அதனால்தான். பிரேக்கை மறந்தால் காலை வாருவதும் இதே குணம்தான்: இடது விசையின் கேஸுக்கு அடுத்து வலது விசையின் கேஸ் இருந்தால், இடது விசையை அழுத்தியதும் ஆள் 4 பிக்சல் இடப்பக்கம் போய், அதே ஃபிரேமில் 4 பிக்சல் வலப்பக்கம் திரும்பி, அசையாமல் நிற்பான். பிழைச்செய்தி எதுவும் வராது, தேடித்தேடிக் கண் வலிக்கும்.

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திக் குறுக்காக ஓடும் ஆட்டத்துக்கு இது ஆகாது; விசைக்கு ஒரு இஃப் (நிபந்தனைக் கட்டளை) எழுதுங்கள். 'உயிர் 20-க்குக் கீழ்' போன்ற வரம்புகளுக்கும் இஃப்தான் சரி. அப்புறம், கோடோ என்ற இன்னொரு கேம் எஞ்சினில் ஸ்விட்சுக்கு இணையான மேட்ச் இப்படி இறங்காது. அங்கே மதிப்புகளுக்கு நடுவே காற்புள்ளி போட்டால் போதும்.