முட்டியைப் பூட்டாமல் நிற்கப் பழகினேன்

சிறு வயதிலிருந்தே என் உடல் வில்லாக வளையும். யோகா வகுப்பில் என்னைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். 34 வயதில் மாடிப்படி இறங்கினாலே முழங்கால் வலித்தது. துணி உலர்த்தக் கையை உயர்த்தினால் தோள் நழுவுவதுபோல் இருந்தது. இன்னும் நீட்டினால் சரியாகிவிடும் என்று நம்பி, வலியை நானே வளர்த்தேன்.

மூட்டுகள் இயல்பைவிட எவ்வளவு அதிகம் வளைகின்றன என்று பார்க்கும் பெய்ட்டன் அளவுகோலில் பிசியோதெரபிஸ்ட் என்னைச் சோதித்தார். கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கை 10 டிகிரிக்கு மேல் பின்னே வளைகிறதா என்றெல்லாம் பார்த்து 9க்கு மதிப்பெண் தருவார்கள். எனக்கு 7. தசைநார் தளர்வாக இருப்பதால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் பாரம் தசைமேல் விழுகிறதாம்.

கண்ணாடி முன் பக்கவாட்டில் நிற்கச் சொன்னார். நேராக நிற்கிறேன் என்று நான் நினைத்த கால், முட்டி பூட்டிக்கொண்டு பின்னோக்கி வளைந்திருந்தது! உண்மையான நேர்நிலைக்கு வந்தபோது, முட்டியை மடக்கியிருப்பதுபோலவே தோன்றியது. அந்த உணர்வை மாற்றத்தான் அதிக நாள் பிடித்தது.

நீட்டும் ஆசனங்களை நிறுத்தினேன். சுவரில் உள்ளங்கை ஊன்றி, முழங்கையை இம்மியளவு மடக்கி, 5 விநாடி மெல்லத் தள்ளுவேன். நாற்காலியிலிருந்து நிதானமாக எழுந்து உட்காருவேன். எதிலும் மூட்டின் கடைசி எல்லைவரை போவதில்லை; தசை நடுங்கத் தொடங்கினால் அத்துடன் சரி.

நான்கு மாதத்தில் படி இறங்குவது எளிதானது. தோள் மட்டும் இப்போதும் சில நாட்களில் முனகும். அன்று சுவர்ப் பயிற்சி மட்டும்.