ஓபிஜி எக்ஸ்ரே: நோயாளியைச் சரியாக நிறுத்துவது எப்படி?

ஓபிஜி என்பது மெஷின் தலையைச் சுற்றிவந்து இரண்டு தாடைகளையும் பற்கள் எல்லாவற்றையும் ஒரே படத்தில் எடுக்கும் எக்ஸ்ரே. அந்தப் படம் பழுதானால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன் நோயாளி நின்ற விதத்தைப் பாருங்கள். படம் கூர்மையாக விழுவது பல்வரிசையை ஒட்டிய ஒடுங்கிய பட்டைக்குள் மட்டும்தான். முன்பற்களிடத்தில் அந்தப் பட்டை இன்னும் ஒடுங்கும்.

1. உலோகம். தோடு, மூக்குத்தி, சங்கிலி, கொண்டை ஊசி, கண்ணாடி, கழற்றக்கூடிய பல்செட் எல்லாம் வெளியே. கதிர் சற்று மேல்நோக்கிப் போவதால் வலக்காதுத் தோடு இடப்பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில், பெருத்து மங்கிய நிழலாக விழும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள். பின்கழுத்தில் மேலேறாதபடி நன்றாக இறக்கிவிடுங்கள். ஈய ஏப்ரன் போட்டால் அதற்கும் இதே விதிதான். தைரொயிட் கொலர் (கழுத்தைச் சுற்றிக் கட்டும் ஈயப் பட்டி) வேண்டாம், அது கதிரையே மறைக்கும்.

2. கடி. மேல், கீழ் முன்பற்கள் இரண்டும் கடிகட்டையின் (நோயாளி பல்லால் கடித்துப் பிடிக்கும் மெஷின் கட்டையின்) பள்ளத்தில் நுனிக்கு நுனி நிற்க வேண்டும். முன்னால் தள்ளிக் கடித்தால் முன்பற்கள் ஒடுங்கித் தெரியும், பின்னால் போனால் அகன்று தெரியும். பல்லில்லாதவருக்கு நாடி தாங்கியைப் பயன்படுத்துங்கள்.

3. லேசர் கோடுகள். இவை மெஷின் முகத்தில் விழுத்தும் ஒளிக்கோடுகள். நடுக்கோடு மூக்கின் நடுவே நேராக விழட்டும். தலை திரும்பினால் ஒரு பக்கக் கடைவாய்ப் பற்கள் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் வரும். கிடைக்கோடு கண்குழியின் கீழ் விளிம்பையும் காதுத்துளையின் மேற்பக்கத்தையும் தொட்டு, தரைக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். நாடி தாழ்ந்தால் பல்வரிசை சிரிப்பைப் போல அளவுக்கு மீறி வளையும். உயர்ந்தால் வரிசை தட்டையாகி, அண்ணத்தின் நிழல் மேற்பல் வேர்களை மூடும்.

4. கழுத்து. எந்த லேசரும் இதைக் காட்டாது. நோயாளி கழுத்தை மட்டும் நீட்டி எட்டிக் கடித்தால் முள்ளந்தண்டின் நிழல் முன்பற்களின் மேல் வெள்ளை முக்கோணமாக நிற்கும். கைபிடியைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு பாதங்களையும் அரை அடி முன்னே வைக்கச் சொல்லுங்கள். கழுத்து தானே நிமிரும். தோளையும் தாழ்த்தச் சொல்லுங்கள்.

5. நாக்கு. அதிகம் தவறவிடப்படுவது இதுதான். நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் காற்று நின்றால் மேற்பல் வேர்களின் மேல் கரிய பட்டை விழும்; வேர்நுனியில் சீழ் இருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. “நாக்கை மேலே வையுங்கள்” என்றால் பலர் நுனியை மட்டும் தொடுவார்கள். “எச்சிலை விழுங்குங்கள், நாக்கை அப்படியே மேலே ஒட்டி வைத்திருங்கள்” என்று சொல்லுங்கள். விழுங்கும்போது நாக்கு முழுவதும் அண்ணத்தில் படியும். கொழும்பில் சிங்களம் பேசுபவர்களும் வருவார்கள்: “கெல கிலின்ன” (எச்சிலை விழுங்குங்கள்), பிறகு “ஹெல்லென்ன எப்பா” (அசைய வேண்டாம்). உதடுகளையும் கட்டையைச் சுற்றி மூடச் சொல்லுங்கள்.

மெஷின் சுற்ற ஏறத்தாழ 12 முதல் 18 செக்கன் ஆகும். நடுவில் அசைந்தால் கீழ்த்தாடையின் விளிம்பு படிபோல உடைந்து தெரியும். கழுத்துக் குட்டையானவர், பயந்த பிள்ளை என்றால் கதிர் இல்லாமல் ஒருமுறை சுற்றவிடுங்கள். தோளில் இடிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.