ஆஸ்பத்திரி ரிசப்ஷன் சம்பளம்: பேசப் போவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

“ஆஸ்பத்திரி ரிசப்ஷன் வேலைக்கு எவ்வளவு கொடுப்பாங்க அக்கா?” என்று யாராவது கேட்டால், பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்பேன்: எந்த நாற்காலி?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே நீள மேஜை. ஒரே சீருடையில் நான்கு பேர். ஆனால் முதல் நாற்காலி வழி சொல்கிறது, டோக்கன் கொடுக்கிறது. இரண்டாவது புதிய நோயாளியைப் பதிவு செய்து ஓ.பி. பில் போடுகிறது. மூன்றாவது அட்மிஷன், முன்பணம், படுக்கை ஒதுக்குவது. நான்காவது இன்சூரன்ஸ். இந்த எல்லா நாற்காலியிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஆள் எடுக்கும் பக்கம் இருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் சம்பள வித்தியாசத்துக்குப் பட்டமோ இங்கிலீஷோ பெரிய காரணமாகத் தெரியவில்லை. அந்த நாற்காலியில் ஒரு தப்பு நடந்தால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போகும் என்பதுதான் பெரும்பாலும் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது.

டோக்கன் மாறினால் ஒரு சத்தம், ஒரு மன்னிப்பு, முடிந்தது. பதிவில் பிறந்த தேதி தப்பினால், அதே பிறந்த தேதி இன்சூரன்ஸ் கம்பெனியின் பதிவோடு ஒத்துப்போகாமல் கிளெய்ம் திரும்பி வரும். ஏற்கெனவே வந்த நோயாளிக்குத் தேடிப் பார்க்காமல் புது எண் கொடுத்துவிட்டால், அவருடைய பழைய ரிப்போர்ட், மருந்து ஒவ்வாமை எல்லாம் வேறொரு எண்ணில் கிடக்கும்; டாக்டர் வெறும் திரையைப் பார்ப்பார். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன் அனுமதி வாங்காமல் அறுவை சிகிச்சை நடந்துவிட்டால் மொத்த பில்லுமே தொங்கும். வேலை கேட்டு வருகிறவர்கள் “நான் நல்லா பேசுவேன் மேடம்” என்று ஆரம்பிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் “திரும்பி வந்த கிளெய்ம்களை நான் சரி செய்து மறுபடி அனுப்பியிருக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் ஹெச்.ஆர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார்.

பதவியின் பெயரைப் பாருங்கள்

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ரிசப்ஷனிஸ்டை ஒரு தொழிலாகவும், மருத்துவச் செயலர் மற்றும் நிர்வாக உதவியாளரை இன்னொரு தொழிலாகவும் தனித்தனி எண் கொடுத்துக் கணக்கெடுக்கிறது. இரண்டாவதன் நடுநிலைச் சம்பளம்தான் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை) அதிகம். ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வேலையைச் செய்யும் இருவர் இந்த இரண்டு பெயரில் எதில் விழுகிறார்கள் என்பதைப் பொறுத்து அவர்களை எந்தச் சந்தை விலையோடு ஒப்பிடுவார்கள் என்பதே மாறிவிடும். அங்கே நோயாளியைப் பதிவு செய்து, காப்பீட்டைச் சரிபார்த்து, அனுமதி வாங்கும் வேலைக்குப் ‘பேஷன்ட் ஆக்சஸ்’ என்று தனிப் பெயரே உண்டு. அதற்கென நாஹாம் என்ற சங்கம் ‘சி.ஹெச்.ஏ.ஏ.’ என்ற சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது.

ஆகவே சம்பளத்தைப் பேசுவதற்கு முன் வேலை விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருப்பதையும் நீங்கள் உண்மையில் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தாளில் இல்லாத வேலை எது எது? இன்சூரன்ஸ் அனுமதி, கேஷ் கணக்கு முடிப்பது, புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுப்பது, சாப்ட்வேர் நின்றுபோனால் கையெழுத்துப் பதிவேடு நடத்துவது. உங்கள் பேரம் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு சம்பளக் கணக்கு

தனியார் ஆஸ்பத்திரிகள் சம்பள அட்டவணையை மூடித்தான் வைத்திருக்கும். அதனால் எது எதற்கு எவ்வளவு மதிப்பு என்று புரிந்துகொள்ள, திறந்து வைத்திருக்கும் ஒரு கணக்கைப் பார்ப்பது நல்லது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். அப்படிப்பட்டது. நீங்கள் அங்கே வேலைக்குப் போகாவிட்டாலும் அந்தக் கணக்கின் அமைப்பு உதவும்.

2004-ல் வந்த அவர்களுடைய முறையில் ஒவ்வொரு வேலையும் 16 அம்சங்களில் மதிப்பெண் பெறுகிறது. அறிவு, தொடர்புத் திறன், பொறுப்பு, உடல் உழைப்பு என்று போகும் அந்த வரிசையில் ‘உணர்ச்சி உழைப்பு’ என்றும் ஒன்று இருக்கிறது. அழுகிறவரையும் கத்துகிறவரையும் நாள் முழுக்க எதிர்கொள்வதை ஒரு நிறுவனம் உட்கார்ந்து மதிப்பெண் போட்டு அளக்கிறது என்று முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. நமக்கு அதை ‘பெண் பிள்ளைங்க பொறுமையா இருப்பாங்க’ என்று இலவசக் கணக்கில்தானே எழுதுகிறார்கள்!

மொத்த மதிப்பெண் 161 முதல் 215 வரை இருந்தால் 2-ஆம் நிலை. 216 முதல் 270 வரை 3-ஆம் நிலை. ரிசப்ஷன் வேலைகள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வரும். இங்கிலாந்தில் 2025-26-க்கான அட்டவணைப்படி 2-ஆம் நிலைக்கு ஆண்டுக்கு 24,465 பவுண்ட். 3-ஆம் நிலையின் தொடக்கம் 24,937. இரண்டு ஆண்டு கழித்து 26,598. வாரத்துக்கு 37.5 மணி நேர வேலை. அப்படியென்றால் 2-ஆம் நிலையில் மணிக்குச் சுமார் 12.51 பவுண்ட்.

இப்போது நேரம் என்ன செய்கிறது என்று பாருங்கள். வார நாட்களில் இரவு 8 முதல் காலை 6 வரையும் சனிக்கிழமை முழுக்கவும் 2-ஆம் நிலைக்காரருக்கு 41 சதவீதம் கூடுதல். ஞாயிறும் பொது விடுமுறையும் 83 சதவீதம். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு ஏழரை மணி நேரம் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 பவுண்ட் சேரும். 2-லிருந்து 3-க்கு ஏறினால் முதல் ஆண்டில் கிடைப்பது 472 பவுண்ட்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. 3-ஆம் நிலைக்கு அந்தக் கூடுதல் சதவீதமே குறைவு: இரவுக்கு 35, ஞாயிறுக்கு 69. கணக்குப் போட்டால் 2-ஆம் நிலைக்காரரின் இரவு மணி 17.64 பவுண்ட். புதிதாக 3-க்கு ஏறியவரின் இரவு மணி 17.22. பதவி உயர்வு வாங்கியவர் இரவில் பக்கத்து நாற்காலியைவிடக் குறைவாக வாங்குகிறார்! அதனால் பதவி உயர்வுக் கடிதம் கையில் வந்தால், சந்தோஷப்பட்டுவிட்டு, உங்களுடைய உண்மையான ஷிப்ட் அட்டவணையை எடுத்து இரண்டு கணக்கையும் போடுங்கள். உயர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு ஆண்டில் மேல் படிக்குப் போனதும் அந்த இடைவெளி மறைந்து, முன்னேயும் போய்விடுவீர்கள். ஆனால் இரவு ஷிப்ட் அதிகமென்றால் நடுவில் கைக்கு வருவது குறையலாம் என்று தெரிந்து போவது வேறு, மாதக் கடைசியில் தெரிந்துகொள்வது வேறு.

ஊர் என்பதும் அங்கே கணக்கில் உண்டு. உள் லண்டனில் 20 சதவீதம், வெளி லண்டனில் 15, அதைச் சுற்றிய பகுதியில் 5. ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்பும் உண்டு. பெரிய நகரத்தில் சம்பளம் கூடுதல் என்பார்கள், வாடகையும் கூடுதல் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சம்பளத்தை மணிக் கணக்கில் மாற்றுங்கள்

மாதச் சம்பளம் என்பது ஏமாற்றும் எண். மாதத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்பதால் வகுத்தால்தான் இரண்டு வேலையை ஒப்பிட முடியும். இங்கே எல்லாரும் விட்டுவிடுவது ஹேண்ட் ஓவர் நேரம். கேஷ் எண்ணி வாங்கக் கால் மணி முன்னால் வருகிறீர்கள், எண்ணிக் கொடுத்துவிட்டுக் கால் மணி பின்னால் போகிறீர்கள். 26 நாளுக்கு அது 13 மணி நேரம். எட்டு மணி ஷிப்ட் ஒன்றரைக்கு மேல் ஒவ்வொரு மாதமும் சும்மா போகிறது. நேர்முகத்திலேயே “ஹேண்ட் ஓவர் நேரம் ஷிப்டுக்குள் வருமா, வெளியிலா?” என்று கேளுங்கள். கேட்டதற்காக யாரும் உங்களைத் தள்ளிவிடுவதில்லை. கேஷ் கவுன்டர் தெரிந்தவர் என்றுதான் நினைப்பார்கள். அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டிய ரிலீவர் வராவிட்டால் தொடரும் நேரத்துக்கு என்ன விகிதம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை விஷயத்தில் நம் மேஜைக்கு ஒரு பழைய சாபம் உண்டு. கடை, அலுவலக ஊழியர்களின் வேலை நேரத்துக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1930-ல் கொண்டுவந்த உடன்படிக்கை, கூடுதல் நேரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு என்கிறது. ஆனால் நோயாளிகளைக் கவனிக்கும் இடங்களை அது வெளியே விட்டுவிட்டது. பிறகு 1977-ல் நர்ஸ்களுக்கென்று தனி உடன்படிக்கை வந்தது. ஆஸ்பத்திரிக்குள் அலுவலக வேலை பார்ப்பவர் இரண்டு பக்கமும் சேராமல் நின்றார். உங்கள் நாட்டுச் சட்டம் இதைச் சரிசெய்திருக்கலாம். பொதுவான வேலை நேரச் சட்டம் ஆஸ்பத்திரிக்குப் பொருந்துமா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேஷ் குறைந்தால் யார் தலையில் என்பதும் சம்பளத்தின் பகுதிதான். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் குறைந்த தொகையைச் சத்தமில்லாமல் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். கூடினால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு. சம்பளப் பாதுகாப்புக்கான அதே சர்வதேச அமைப்பின் 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கை, சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ சொல்லும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் பிடித்தம் செய்யலாம், அந்த நிபந்தனைகளை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே பிடித்தம் பற்றிய விதியை எழுத்தில் காட்டச் சொல்லலாம். ஒரே டிராயரில் மூன்று ஷிப்ட் கை வைக்கும் இடமாக இருந்தால் தனி டிராயர், தனி லாகின் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்த வேலையின் சம்பளத்தை மனதுக்குள் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுங்கள்.

யார் சம்பளம் போடுகிறார்கள்?

ஆஸ்பத்திரியா, ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட் கம்பெனியா? மேஜை ஒன்றுதான், ஆனால் காண்ட்ராக்ட்டில் இருப்பவருக்கான தொகையில் நடுவில் இருப்பவரின் பங்கு கழியும். ஆஸ்பத்திரி இன்க்ரிமென்ட் அறிவித்தால் அது காண்ட்ராக்ட் ஊழியருக்குப் போகாது. காண்ட்ராக்ட்டில் சேர்வது தப்பில்லை. எத்தனை மாதத்தில் நேரடிப் பணிக்கு மாற்றுவார்கள், இதற்கு முன் யாரையாவது மாற்றியிருக்கிறார்களா என்று உள்ளே இருப்பவரிடம் விசாரித்துச் சேருங்கள்.

அரசு வேலையில் பேரம் கிடையாது. விகிதம் இருக்கிறது, ஆண்டுதோறும் ஏறும், அவ்வளவுதான். சின்ன கிளினிக்கில் போன் எடுப்பதிலிருந்து பில் வரை எல்லாம் உங்கள் கையில் வரும். கற்றுக்கொள்ள அதைப்போல இடம் இல்லை, ஆனால் ஏறுவதற்குப் படி இல்லை. மேலே இருப்பவர் டாக்டர் ஒருவர்தான்.

எப்போது, எப்படிக் கேட்பது

ஆண்டு இன்க்ரிமென்ட் கடிதம் கையில் வந்த பிறகு கேட்பது வீண். பட்ஜெட் எழுதுவதற்கு முன் கேளுங்கள். அதைவிட நல்ல நேரம் இரண்டு உண்டு: புது சாப்ட்வேர் வரும்போது, தர அங்கீகாரத்துக்கான ஆய்வு நெருங்கும்போது. அப்போது பழைய ஆள் ஒருவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும்.

கையில் ஒரு மாதக் குறிப்பு இருக்கட்டும். எத்தனை பதிவு, எத்தனை அனுமதிக் கோரிக்கை, எத்தனை திரும்பி வந்தது, அதில் நீங்கள் மீட்டது எவ்வளவு தொகை. நோயாளியின் பெயரோ எண்ணோ அதில் இருக்கவே கூடாது. அது வேலையையே பறிக்கும். “வீட்டில் செலவு அதிகம் சார்” என்று தொடங்காதீர்கள். உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்தப் பேச்சுக்கு நிர்வாகத்தில் கட்டம் கிடையாது. “ஆர்டரில் ரிசப்ஷன் என்று இருக்கிறது. கடந்த மாதம் முழுக்க இன்சூரன்ஸ் டெஸ்க்கும் நான்தான் பார்த்தேன். அந்தப் பதவிக்கு மாற்றிக் கொடுங்கள், அல்லது அதற்கான படி கொடுங்கள்” என்று கேளுங்கள். கூடுதல் மொழி தெரிந்து அடிக்கடி வார்டுக்கு மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள் என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சில ஆஸ்பத்திரிகள் மொழிக்குத் தனிப் படியே தருகின்றன.

பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளத்தைச் சொல்லி மட்டும் வாதாட வேண்டாம். பேச்சு உங்களைவிட்டு அவர் மேல் போய்விடும்.

பணம் இல்லை என்றால், பணம் இல்லாத சிலதைக் கேளுங்கள்: மாதம் முழுக்க முன்கூட்டியே தெரியும் ஷிப்ட், மருத்துவக் குறியீட்டுப் பயிற்சிக்கான கட்டணம், பில்லிங் பிரிவில் சில வாரம் உட்கார அனுமதி. நோய்களை வகைப்படுத்தும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. குறியீடுகளைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த ரிசப்ஷன் ஆளுக்கு அடுத்த நேர்முகம் வேறு மாதிரி நடக்கும். என்ன ஒப்புக்கொண்டாலும் அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்: “இன்று பேசியபடி இன்ன தேதி முதல் இன்னது என்று புரிந்துகொண்டேன்.” ஹெச்.ஆர். மாறிவிட்டாலும் அந்த மெயில் இருக்கும்.