ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாதோர் எதிர்ப்பு மாவுச்சத்தைத் தொடங்கும் முறை

அமைலோஸ் என்னும் மாவுச்சத்து வகை மிகுந்த மக்காச்சோளத்திலிருந்து எடுக்கப்படும் எதிர்ப்பு மாவுச்சத்து, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கப்பட்டு, பியூட்டிரேட் முதலிய கொழுப்பு அமிலங்களாக மாறுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண சோளமாவு இதற்கு ஈடாகாது. பொட்டலத்தில் அமைலோஸ் மிகுந்தது என்று குறிப்பிட்டிருப்பதையே வாங்க வேண்டும்.

ஹிஸ்டமின் என்பது புளித்த, நாட்பட்ட உணவுகளில் பெருகக்கூடிய ஒரு வேதிப்பொருள். சுத்திகரிக்கப்பட்ட மாவு புளிக்காத பொருளாதலால், ஹிஸ்டமின் குறித்த அச்சம் பெரிதும் வேண்டியதில்லை. ஆயினும் மக்காச்சோள ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

முதலில் கால் தேக்கரண்டி மாவை, ஆறிய கஞ்சியிலோ தண்ணீரிலோ கலந்து, நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்ணுங்கள். மோரில் கலக்க வேண்டாம், அது புளித்த உணவு. சில நாட்களுக்கு உடல் ஏற்றுக்கொண்டால் மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வயிற்று உப்புசமும் வாயுவும் நொதித்தலின் விளைவாக இருக்கலாம். தோல் சிவத்தல், அரிப்பு, தலைவலி ஆகியவை தோன்றினால் அன்று உண்ட மற்ற உணவுகளையும் சேர்த்தே குறித்துவையுங்கள்.

குமரி மாவட்டத்தில் இக்குறிப்பேடு மிகவும் இன்றியமையாதது. சாளை, அயிலை, சூரை ஆகிய மீன்களைக் குளிரூட்டாமல் வைத்திருந்தால் ஹிஸ்டமின் பெருகும். சமைத்தாலும் அது அழியாது. மரச்சீனிக் கிழங்குடன் பழைய மீன்குழம்பை உண்ட நாளில் மாவைக் குறைகூறுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். பழையசோற்றிலும் எதிர்ப்பு மாவுச்சத்து உண்டு. ஆனால் இரவு முழுவதும் புளித்ததால் ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாதோருக்கு அது ஒத்துவராமல் போகலாம்.