மெக்சிக்கோவின் முன்னாள் வலுசக்தி அமைச்சரைப் பற்றிப் பணிக்குறிப்பு எழுதுவது எப்படி?

யாழ்ப்பாணத்து உயர்தர மாணவர்கள் மன்றச் சஞ்சிகைக்கு எழுத, அந்த முன்னாள் அமைச்சர் ரொசியோ நாலே கார்சியா நல்ல தெரிவு. முதலில் பெயர்: 'நாலே' தந்தைவழி, 'கார்சியா' தாய்வழி. அகரவரிசையில் 'நாலே' என்ற பெயரிலேயே சேர்க்க வேண்டும்.

பிறகு ஒரு தாளில் ஆண்டுகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். 1964இல் சகாத்தேகாஸ் மாநிலத்தில் பிறப்பு, இரசாயனப் பொறியியல் படிப்பு, மெக்சிக்கோவின் அரச எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸின் பெற்றோலிய இரசாயன ஆலைகளில் வேலை, 2015இல் கீழ்ச்சபை உறுப்பினர், 2018இல் செனற்றர், அதே ஆண்டு டிசெம்பர் முதல் 2023 வரை வலுசக்தி அமைச்சர், 2024 டிசெம்பரில் வெராக்குருஸ் மாநில ஆளுநர். அங்கு ஆளுநரை மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். நம் வட மாகாண ஆளுநரைப் போல நியமனம் என்று எழுதிவிடாதீர்கள்.

பலர் சறுக்குவது பெமெக்ஸ் விடயத்தில்தான். அமைச்சர் என்ற வகையில் நாலே அதன் பணிப்பாளர் சபைக்குத் தலைமை தாங்கினார். நிறுவனத்தை நடத்திய தலைமை இயக்குநர் ஒக்தாவியோ ரொமேரோ. நம் நாட்டில் அமைச்சும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் வேறுவேறாக இருப்பதைச் சொன்னால் வாசகருக்கு உடனே விளங்கும்.

தோஸ் போகாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனிப் பந்தி கொடுங்கள். நாலேயின் அமைச்சர் பதவிக்காலத்தின் மையமே அது. திட்டமிட்ட கொள்ளளவு நாளொன்றுக்கு 3,40,000 பீப்பாய். பீப்பாய்க்கு 159 லீற்றர் என்றால் ஏறக்குறைய 5.4 கோடி லீற்றர். 2022 ஜூலையில் திறப்பு விழா நடந்தது, எரிபொருள் உற்பத்தி பிறகுதான் தொடங்கியது. இரண்டையும் ஒரே திகதியில் போடுவது பெரும் பிழை.