ஹலால் பாஸ்தா கடையில் சாப்பிடும்போது செய்யக்கூடாதவை

பிறந்தநாள் விருந்துக்கு வெளியே வாங்கிய கேக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் சான்றிதழ் பெற்ற கடைகள் வெளி உணவைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. ஹலால் கடையில் வாங்கிய கேக் என்றால் சிலர் சம்மதிப்பார்கள். எதற்கும் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நோ போர்க், நோ லார்ட்’, அதாவது பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை என்று எழுதி வைத்திருப்பது ஹலால் ஆகாது. இத்தாலியச் சமையலில் இறைச்சிக் குழம்பான ராகுவில் ஒயின் ஊற்றுவது வழக்கம். பன்றி இறைச்சி இல்லாவிட்டாலும் ஒயின் இருக்கலாம். முஸ்லிம் உரிமையாளர் நடத்தும், ஆனால் சான்றிதழ் எடுக்காத கடைகளும் உண்டு. எது உங்களுக்குச் சரி என்பதை மேசையில் உட்காருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஆர்டர் கொடுக்கும்போதுதான். ‘கையால் செய்த பாஸ்தா’ என்று பலகை இருந்தால் மெனுவில் உள்ள எல்லாமே கையால் செய்தது என்று நினைத்துவிடுகிறோம். ஸ்பகெட்டி, பென்னே பாக்கெட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம், கேளுங்கள். அதற்காக அது மட்டம் இல்லை. பூண்டும் எண்ணெயும் சேர்த்த ஆலியோ ஓலியோவுக்கு உலர்ந்த ஸ்பகெட்டிதான் என்னைக் கேட்டால் பொருத்தம். கைப்பாஸ்தாவின் அருமை தெரிய வேண்டுமானால் அகலப் பட்டையான பப்பர்தெல்லேயை மாட்டிறைச்சி ராகுவோடு வாங்குங்கள். முட்டை சேர்த்துப் பிசைந்த அந்தப் பட்டை சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால் குழம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கார்பனாரா என்ற முட்டை, சீஸ் பாஸ்தாவை வாங்கிவிட்டு ‘கிரீம் எங்கே’ என்று சண்டை போடாதீர்கள். ரோம் நகரத்து முறையில் முட்டை மஞ்சள்கரு, பெக்கொரினோ சீஸ், மிளகு, பன்றிக் கன்ன இறைச்சி, அவ்வளவுதான். ஹலால் கடையில் அந்த இறைச்சிக்குப் பதில் மாட்டு பேக்கன் வரும். சுவை கொஞ்சம் வேறுபடத்தான் செய்யும்.

‘நல்லா வேக வச்சுக் குடுங்க’ என்பதும் வேண்டாம். புதுப் பாஸ்தா இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், அதற்கு மேல் போனால் கூழ். தட்டு வந்த பிறகு படம் எடுப்பது, எல்லோருடைய தட்டும் வரட்டும் என்று காத்திருப்பது இரண்டும் அதற்கு ஆகாது. ஐந்து நிமிடம் விட்டால் மாவு குழம்பை உறிஞ்சி, முள்கரண்டியால் தூக்கினால் மொத்தமும் ஒரே கட்டியாக வரும். தட்டு வந்தவர் முதலில் சாப்பிடட்டும், மரியாதையெல்லாம் அப்புறம்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தக்காளிக் குழம்புதானே என்று நம்பிவிடாதீர்கள். கைப்பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. மேலே தூவும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால்தான் உறைய வைக்கிறார்கள்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். 24 வெள்ளித் தட்டு 28.78 வெள்ளி ஆகிவிடும்.

நோன்பு மாதத்தில் முன்பதிவு இல்லாமல் மாலை ஏழு மணிக்குப் போய் நிற்காதீர்கள். நோன்பு திறக்கும் நேரம் அது, எல்லா மேசைக்கும் ஒரே சமயத்தில் சாப்பாடு போயாக வேண்டும். நோன்பு இல்லாதவர்கள் ஐந்தரைக்கே போய்ச் சாப்பிட்டு எழுந்துவிட்டால் கடைக்காரருக்கும் உதவி, உங்களுக்கும் சூடாகக் கிடைக்கும்.