சி நிரலுக்குள் லுவா: மதியம் 1.40-க்குப் படுத்துக்கொண்ட நிரல்

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் தன் நிரலைக் காட்டி, "லுவாவே எல்லாத்தையும் கிளீன் பண்ணிடும்ல, அண்ணா?" என்றார். லுவா, சி நிரலுக்குள் வைத்து ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட் மொழி. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நம்பிக் கெட்டேன். லுவாவில் அரே 1-இல் தொடங்கும், சி++-இல் எக்ஸ்டர்ன் சி போட மறக்காதே என்பதெல்லாம் முதல் நாளே உதைத்துக் கற்றுக்கொடுத்துவிடும், அவற்றை விடுகிறேன்.

ஸ்டாக்கில் மிச்சம் வைப்பது

சி-க்கும் லுவாவுக்கும் நடுவே, மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒரு ஸ்டாக் இருக்கிறது. ஃபங்ஷனையும் ஆர்க்யுமென்ட்களையும் அதில் ஏற்றி லுவா_பீகால் (எரர் வந்தாலும் நிரலை விழவிடாமல் பிடிக்கும் அழைப்பு) அழைத்தால் அவை இறங்கிவிடும், விடை ஏறும். அந்த விடையை இறக்குவது நம் வேலை.

என் நிரல் நொடிக்கு 60 முறை ஸ்கிரிப்டிடம் ஆமா, இல்லையா என்று கேட்கும். விடையைப் படித்தேன், பாப் செய்யவில்லை, அதாவது ஸ்டாக்கிலிருந்து இறக்கவில்லை. காலை 9-க்கு ஓடவிட்டால் மதியம் 1.40 வாக்கில் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று படுத்துக்கொள்ளும். முடிவில்லாமல் தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் எங்கோ இருக்கிறது என்று ஸ்கிரிப்டில் இரண்டு நாள் தேடினேன். அதை எழுதியவரோடு சண்டை வேறு. லுவா 5.3-இல் ஸ்டாக்கின் உச்சவரம்பு 10 லட்சம் இடங்கள். 60-ஆல் வகுத்தால் ஏறக்குறைய நாலரை மணி நேரம். கணக்கு அவ்வளவுதான். ஓர் இடத்துக்கு 16 பைட், மொத்தமே 16 எம்பி. மெமரி அளவைப் பார்த்தும் சந்தேகம் வரவில்லை. ஆமா, இல்லைக்குப் பதில் பெரிய டேபிளை ஸ்டாக்கில் விட்டிருந்தால், வேண்டாத மெமரியை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டரும் அதைத் தொட்டிருக்காது, மெமரி ஏறி முன்பே மாட்டியிருப்பேன்.

எரிச்சல் எதில் என்றால், லுவா அழைக்கும் சி ஃபங்ஷனில் இதே தவறு தெரியவே தெரியாது. அதற்குத் தனி ஸ்டாக் பகுதி கிடைக்கும். ரிட்டர்ன் ஆனதும் மிச்சமெல்லாம் துடைக்கப்படும். அங்கே பழகிய கை, மெயின் லூப்பிலும் அப்படியே எழுதுகிறது. மெயின் லூப்பில் துடைக்க ஆளில்லை.

தம்பியின் நிரலில் விடை பாப் ஆகியிருந்தது. பீகால் தோற்கும்போது ஏறும் எரர் செய்தி மட்டும் அங்கேயே கிடந்தது. இது இன்னும் மோசம்: எரர் எப்போதாவதுதான் வரும், எனவே வாரக்கணக்கில் ஓடிவிட்டுத்தான் விழும்.

ஃபங்ஷனை ஏற்றும் முன்பே லுவா_கெட்டாப் மதிப்பை, அதாவது ஸ்டாக்கின் அப்போதைய உயரத்தை, வாங்கி வையுங்கள். வேலை முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், லுவா_செட்டாப் கொண்டு அதே இடத்துக்குத் திரும்புங்கள். லூப்பின் கடைசியில், உயரம் மாறவில்லை என்று சோதிக்க ஓர் அசர்ட். டீபக் பில்டில் லுவா_யூஸ்_ஏபிஐசெக் (சி பக்கத் தவறுகளைச் சோதிக்கும் அமைப்பு) போட்டே லுவாவைக் கம்பைல் செய்யுங்கள்.

லுவா_டோஸ்ட்ரிங் தந்த பாயின்டர்

அது ஸ்டாக்கில் இருக்கும் சரத்தைக் காட்டுகிறது; பாப் செய்த பிறகு அதை நம்பாதீர்கள். வேண்டுமென்றால் முதலிலேயே நகலெடுங்கள்.

சி++ காரர்களுக்கு

சி-யாகக் கம்பைல் ஆன லுவா, எரர் வந்தால் லாங்ஜம்ப்பில் நடு ஃபங்ஷன்களை விட்டுத் தாவும். நடுவில் இருக்கும் டிஸ்ட்ரக்டர்கள் (பொருள்களைத் துடைக்கும் ஃபங்ஷன்கள்) ஓடுமென்று நம்ப முடியாது. லுவாவையும் சி++ ஆகவே கம்பைல் செய்தால் எக்ஸப்ஷன் வழியாகப் போகும்.

எல்லா லைப்ரரியையும் திறப்பது

யாரோ எழுதிய ஸ்கிரிப்டுக்கு, கணினியில் கட்டளைகளை ஓட்டும் ஓஎஸ்.எக்ஸிக்யூட் எதற்கு?